லெஸ் பிளாங்க்: கொண்டாட்டத்தை மட்டும் படம்பிடித்தவரா?

நடைவண்டி:

ஆவணப்படம் என்றாலே இங்கே பேச்சு போராட்டப் படங்களுக்குப் போகிறது, இல்லையென்றால் பிரபலங்களின் வாழ்க்கைக் கதைக்குப் போகிறது. ஒரு வட்டாரத்து மக்கள் என்ன சமைக்கிறார்கள், எந்தப் பாட்டுக்கு ஆடுகிறார்கள், சாவு ஊர்வலத்தில் என்ன வாசிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஆயுளைக் கழித்த இயக்குநர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்தக் குறைக்காக இந்த இழை. ஆள், அமெரிக்காவின் லெஸ் பிளாங்க்.

1935-ல் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் பிறந்தவர். நியூ ஆர்லியன்ஸில் துலேன் பல்கலைக்கழகத்தில் இலக்கியமும் நாடகமும் படித்தார். எழுத்தாளராக வேண்டும் என்றிருந்தவரை பெர்க்மனின் 'செவன்த் சீல்' சினிமா பக்கம் இழுத்துவிட்டது. அப்புறம் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் திரைப்படப் படிப்பு. வயிற்றுப்பாட்டுக்கு நிறுவனங்களுக்கு விளம்பரப் படங்கள் எடுத்தார். கோழிப்பண்ணைக் கம்பெனிக்குக்கூட எடுத்திருக்கிறார். 1967-ல் 'ஃப்ளவர் ஃபிலிம்ஸ்' என்று சொந்தமாக ஒன்றைத் தொடங்கி, டெக்ஸாஸ் ப்ளூஸ் பாடகர்கள், லூயிசியானாவில் பிரெஞ்சு பேசும் வெள்ளைக் கேஜன் மக்கள், கறுப்பு க்ரியோல் மக்கள், எல்லையோர மெக்சிக அமெரிக்கர்கள், அப்பலாச்சிய மலைப்பகுதிப் பிடில்காரர், போல்கா ஆட்டக்காரர்கள் என்று ஒவ்வொரு கூட்டமாகப் போய் உட்கார்ந்தார். 2013 ஏப்ரலில் பெர்க்லியில் இறந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் அவர் பேரில் இருந்தன.

பெரும்பாலான படங்களில் பின்னணியில் விளக்கிச் சொல்லும் குரல் கிடையாது. நிபுணர் வந்து உட்கார்ந்து பாடம் நடத்த மாட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், படம் அடுப்புக்குப் போகும், கோழிக்கூண்டுக்குப் போகும், கிழவியின் கைக்குப் போகும். பல படங்கள் அரை மணி நேரம், ஒரு மணி நேரம்தான். பார்த்தவர்கள் வாருங்கள், பேசலாம்.

பதினாறுமிமீ:

நல்ல இழை. அவர் எடுத்த விதத்தைப் பற்றி ஒன்று. 16 மிமீ ஃபிலிமில் 400 அடிச் சுருள் போட்டால் சுமார் 11 நிமிடம் வரும். 100 அடிச் சுருள் என்றால் மூன்று நிமிடம்கூட இல்லை. காசு போட்டு வாங்கிய சுருள். அதனால் கேமராவை ஓடவிட்டுவிட்டு அதிர்ஷ்டம் வரும் என்று காத்திருக்க முடியாது. ஆளோடு இருந்து, சாப்பிட்டு, குடித்து, எப்போது என்ன நடக்கும் என்று பழகிவிட வேண்டும். அதன் பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். அவர் படங்களில் இருக்கிற நிதானத்துக்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

படமும் ஒலியும் ஒன்றாகப் பதிவாகாத காட்சிகள் அவரிடம் ஏராளம். பாட்டைத் தனியாகப் பதிந்து, ஊர்க் காட்சிகள் மேல் ஓடவிடுவார். வேறு யாராவது செய்தால் மியூசிக் வீடியோ மாதிரி இருக்கும். இவர் செய்தால் அந்த ஊரே அந்தப் பாட்டை முணுமுணுக்கிற மாதிரி இருக்கிறது.

வெண்கலக்கடை:

ப்ளூஸ் பாடகர் லைட்னிங் ஹாப்கின்ஸைப் பற்றிப் படம் எடுத்த கதையை யாரும் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன். 1960-களின் கடைசி. பிளாங்க்கும் கூட்டாளி ஸ்கிப் கெர்சனும் டெக்ஸாஸுக்குப் போகிறார்கள். முதல் நாள் ஹாப்கின்ஸ் கொஞ்சம் பாட்டுப் பாடிவிட்டு, 'பேசின வேலை முடிந்தது, கிளம்புங்கள்' என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர்கள் போகாமல் அவரோடு சீட்டாட உட்கார்ந்தார்கள். தோற்றார்கள். ஹாப்கின்ஸுக்கு ஜெயிப்பதில் குஷி. ஆட்டம் தொடர்ந்தது, படப்பிடிப்பும் தொடர்ந்தது.

இதைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. படத்தில் ஹாப்கின்ஸ் கேமராவைப் பார்க்கிற பார்வையிலேயே அந்தச் சீட்டாட்டம் தெரிகிறது. தன்னிடம் தோற்றவனிடம் பேசுகிற தோரணை! பேட்டி எடுக்க வந்தவனிடம் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

செங்காந்தள்:

எல்லாம் சரி, நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம்.

பிளாங்க்கின் படங்களை வரிசையாகப் பார்த்தால் எல்லோரும் எப்போதும் சாப்பிட்டுக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருக்கிறார்கள். தெற்கு டெக்ஸாஸ், லூயிசியானா என்றால் 1970-களில் என்ன நிலைமை? பருத்திக்காட்டில் குத்தகைக்குப் பாடுபட்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. இனப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்து பத்து வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. ஒரு வெள்ளைக்காரர் அங்கே போய் கறுப்பர்களின் வீட்டு விருந்தை மட்டும் அழகாக எடுத்து வந்து பெர்க்லியில் படித்தவர்களுக்குப் போட்டுக் காட்டினால், அதை நான் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்? ஏழை ஆடுகிறான், பாடுகிறான், சந்தோஷமாக இருக்கிறான் என்கிற பழைய பொய்யின் நல்ல ஒளிப்பதிவு செய்யப்பட்ட வடிவமா இது? சுற்றுலாத் துறைப் படங்களில் தெருக்கூத்துக்காரர்களின் முகப்பூச்சை மட்டும் காட்டி முடித்துவிடுவார்களே, அதைப் பார்க்கும்போது வருகிற அதே எரிச்சல் இங்கேயும் வருகிறது.

நடைவண்டி:

நியாயமான கேள்வி. ஆனால் 'சுலாஸ் ஃப்ரொன்டெராஸ்' (1976) பார்த்தீர்களா? டெக்ஸாஸ் எல்லையோரத்து நோர்டெனோ இசை பற்றிய படம். ஆர்ஹூலி ரெக்கார்ட்ஸ் என்கிற இசைத்தட்டுக் கம்பெனியை நடத்திய கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸோடு சேர்ந்து எடுத்தது. அதில் பாடகி லிடியா மென்டோசா வீட்டில் தமாலே செய்கிற காட்சி இருக்கிறது, விருந்து இருக்கிறது. கூடவே வயல்களில் கூலிக்குப் போகிற குடும்பங்களும் இருக்கிறார்கள். பாட்டுகளின் வரிகள் கீழே ஓடுகின்றன. பாட்டுக்காரர் ரூமெல் ஃபுவென்டெஸ் பாடுவதையெல்லாம் வாசித்தால் வெறும் காதல் பாட்டு இல்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1993-லேயே அது சேர்ந்துவிட்டது.

செங்காந்தள்:

பார்த்திருக்கிறேன். அதில் அரசியலைப் பாட்டுக்காரர்கள் கொண்டு வருகிறார்கள். இயக்குநர் கொண்டு வரவில்லையே.

வெண்கலக்கடை:

அதுதானே வேணும்? இயக்குநர் கொண்டு வந்தால் அது அவருடைய அரசியல். பாட்டுக்காரன் கொண்டு வந்தால் அந்த ஊருடைய அரசியல்.

செங்காந்தள்:

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதைக் கேட்பது, எதை வெட்டுவது என்று முடிவு செய்வது யார்?

மேசைவிளக்கு:

வெட்டுவது யார் என்று கேட்டதால் நான் உள்ளே வருகிறேன். தொழில் முறையில் நான் படத்தொகுப்பாளர், அதனால் இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும்.

இதுவரை யாரும் மொரீன் காஸ்லிங் பேரைச் சொல்லவில்லை! 1970-களின் தொடக்கத்திலிருந்து பிளாங்க்கோடு வேலை செய்தவர். ஒலிப்பதிவும் அவர், படத்தொகுப்பும் அவர். சில படங்களில் இணை இயக்குநர். களத்தில் மைக் பிடித்தவரே பிறகு மேசையில் உட்கார்ந்து வெட்டுகிறார் என்றால், அந்த இடத்தில் எந்தச் சத்தம் எதற்காக வந்தது என்று அவருக்குத் தெரியும். 'ஆல்வேஸ் ஃபார் ப்ளெஷர்' (1978) எடுத்துக்கொள்ளுங்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஊர்வலங்கள் பற்றிய படம், ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சவ ஊர்வலத்தில் தொடங்குகிறது. மெதுவான வாசிப்பு, அடக்கம் முடிந்ததும் அதே வாத்தியங்கள் துள்ளலுக்கு மாறுகின்றன, பின்னால் வருகிற கூட்டம் குடையோடு ஆடுகிறது. இங்கே ஒரு சாதாரணத் தொகுப்பாளர் 'இது ஆப்பிரிக்க மரபிலிருந்து வந்தது' என்று யாரையாவது பேச வைத்து நுழைத்திருப்பார். காஸ்லிங்கும் பிளாங்க்கும் அந்த மாற்றத்தை அதன் தாளத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் மார்டி க்ரா திருவிழாவில் செவ்விந்தியர் வேடத்தில் வருகிற கறுப்பின மக்களின் 'மார்டி க்ரா இந்தியன்' குழுக்கள். வருஷம் முழுக்க மணி கோத்து, இறகு தைத்து, ஒரு நாள் உடுத்துகிற உடை. அந்த உடையின் தையல் வேலையை கேமரா பக்கத்தில் போய்ப் பார்க்கிறது. ஊசி, மணி, துணி, விரல். கூலிக்கு உழைக்கிற ஆள் தன் நேரத்தை இப்படி ஒன்றில் கொட்டுகிறான் என்று காட்டிவிட்டால் வறுமையைப் பற்றித் தனியாகப் புள்ளிவிவரம் வேண்டுமா, செங்காந்தள்? எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பாடகி இர்மா தாமஸ் சிவப்பு பீன்ஸ் எப்படிச் சமைப்பது என்று சொல்கிற இடமும் அதில்தான். சமையலை இவ்வளவு மரியாதையோடு எடுத்தவர்கள் குறைவு.

பதினாறுமிமீ:

சமையல் என்றதும் பூண்டுப் படம். 'கார்லிக் இஸ் அஸ் குட் அஸ் டென் மதர்ஸ்' (1980). படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அரங்கின் பின்பக்கம் சிறிய அடுப்பில் பூண்டை முழுசாகச் சுட வைப்பார். பாதிப் படத்தில் வாசனை எழும்பி வரும். இதற்கு 'ஸ்மெல்லரவுண்ட்' என்று பேரும் வைத்தார். கூத்தடிப்பு மாதிரி தெரிந்தாலும் ஆள் திரும்பத் திரும்ப வந்தார்கள். இந்தப் படமும் 2004-ல் தேசியப் பதிவேட்டில் ஏறியது. பூண்டைப் பற்றிய படம்!

குதிரைவால்:

நான் இந்தத் துறைக்குள் வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவன். மூத்தவர்கள் சொல்லுங்கள்: இப்படிப் படம் எடுத்து அவர் எப்படிச் சாப்பிட்டார்? அதுதான் எனக்கு முக்கியம்.

மேசைவிளக்கு:

தம்பி, நேரடியாகச் சொல்கிறேன். கையைக் கடித்துக்கொண்டுதான். ஆனால் அவர் வழி கவனிக்க வேண்டியது.

முதல் கட்டத்தில் கம்பெனிப் படங்கள் எடுத்துப் பணம் பார்த்து, அந்தப் பணத்தைத் தன் படத்தில் போட்டார். பிறகு கலை மானியங்கள், தொலைக்காட்சி. விநியோகத்தை மட்டும் வெளியாரிடம் விடவே இல்லை. ஃப்ளவர் ஃபிலிம்ஸே பிரதிகளை வைத்துக்கொண்டு கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் வாடகைக்கும் விலைக்கும் கொடுத்தது. அவரே படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போவார். திரையிடல் முடிந்ததும் வாசலில் மேசை போட்டு டி-ஷர்ட்டும் போஸ்டரும் விற்பார். கலிஃபோர்னியாவின் எல் செரிட்டோவில் ஆர்ஹூலியின் இசைத்தட்டுக் கடை இருந்த அதே கட்டடத்தில்தான் அவர் அலுவலகம். இசைத்தட்டு வாங்க வருகிறவனும் படம் வாங்க வருகிறவனும் ஒரே ஆள்தான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொன்று, குறுகலான தலைப்பு. பெரிய தலைப்புப் படம் ஒரு பருவத்தில் பழசாகிவிடும். டெக்ஸாஸின் நவசோட்டாவைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் மேன்ஸ் லிப்ஸ்கம் பற்றி 1971-ல் எடுத்த படத்தை இன்றும் கிட்டார் கற்கிறவன் தேடி வருகிறான். வாழ்நாளின் பெரும்பகுதி குத்தகை விவசாயியாக இருந்தவர் லிப்ஸ்கம். அவரை இசைத்தட்டில் முதலில் பதிந்ததும் ஆர்ஹூலிதான், 1960-ல்.

வெண்கலக்கடை:

கையைக் கடித்த இன்னொரு கதையையும் குதிரைவால் தெரிந்துகொள்ளட்டும். ராக் பாடகர் லியான் ரஸ்ஸல் பற்றி எடுத்த படம்.

ரஸ்ஸலின் ரெக்கார்ட் கம்பெனி பிளாங்க்கைக் கூப்பிட்டது. 1972-லிருந்து 1974 வரை பிளாங்க்கும் காஸ்லிங்கும் ஓக்லஹோமாவில் ரஸ்ஸலின் ஏரிக்கரை ஸ்டுடியோ வளாகத்திலேயே தங்கி எடுத்தார்கள். பாடகரை எடுக்கச் சொன்னால் நம் ஆள் சும்மா இருப்பாரா? நீச்சல் குளத்தின் உள்சுவரில் ஓவியம் வரைகிறவர், இடிக்கப்படும் கட்டடம், கண்ணாடி தின்கிறவர், கோழிக்குஞ்சை விழுங்குகிற பாம்பு என்று எல்லாம் உள்ளே வந்துவிட்டன. ரஸ்ஸலுக்குப் பிடிக்கவில்லை. படம் வெளியே வரவில்லை. லாபநோக்கமில்லாத இடங்களில், பிளாங்க் நேரில் இருந்தால் மட்டும் போட்டுக் காட்டலாம் என்கிற நிலையில் சுமார் நாற்பது வருஷம் கிடந்தது. கடைசியில் அவர் மகன் ஹாரட் பிளாங்க் ரஸ்ஸலோடு பேசிச் சமாதானமாகி 2015-ல் வெளிக்கொண்டு வந்தார். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எடுத்தவனுக்கே தன் படத்தின் மேல் பிடி இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது. ஃபிலிமுக்குக் காசு போட்டவர் யார், உரிமை யாரிடம் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்.

பதினாறுமிமீ:

ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் பற்றி இவ்வளவு தாமதமாகவா பேசுவது!

'ஸ்பெண்ட் இட் ஆல்' (1971) கேஜன் மக்கள் பற்றியது. அதில் ஒரு ஆள் குறடை எடுத்துத் தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்வார். மயக்க ஊசி கிடையாது, அலட்டல் கிடையாது. ஹெர்சாக் அதில் மயங்கி, 'ஸ்ட்ரோசெக்' (1977) படத்துக்கு அந்த யோசனையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு ஆவணப்பட இயக்குநர் எரோல் மாரிஸ் தன் படத்தை எடுத்து முடித்தால் என் ஷூவைத் தின்கிறேன் என்று சொன்ன ஹெர்சாக், பெர்க்லியில் மேடையேறித் தின்றபோது அதைப் படம் பிடித்ததும் பிளாங்க்தான். ஆலிஸ் வாட்டர்ஸின் ஷே பனீஸ் உணவகத்தில் பூண்டெல்லாம் போட்டு மணிக்கணக்கில் வேக வைத்த ஷூ. பிளாங்க் அதையும் ஒரு சமையல் படமாகவே எடுத்திருக்கிறார் பாருங்கள்!

மேசைவிளக்கு:

அந்த நட்பில் வந்ததுதான் 'பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்' (1982). பெரு நாட்டுக் காட்டில் ஹெர்சாக் 'ஃபிட்ஸ்கரால்டோ' எடுத்த கதை. நாயகனாக நடித்த ஜேசன் ரோபார்ட்ஸ் வயிற்றுக்கடுப்பில் விலக, கூட நடித்த மிக் ஜாகரும் போய்விட, நடிகர் கிளாஸ் கின்ஸ்கியை வைத்து முதலிலிருந்து எடுத்தது, நிஜக் கப்பலை மலைமேல் இழுத்தது எல்லாம் அதில் இருக்கிறது. பிரிட்டிஷ் அகாடமியின் ஆவணப்பட விருது வாங்கியது. பிளாங்க் என்றால் பலருக்கு இந்த ஒரு படம்தான்.

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. கப்பல் ஏறுமா ஏறாதா என்று மொத்தக் குழுவும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, பிளாங்க் கேமராவைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் பழங்குடிப் பெண்கள் மரவள்ளிக்கிழங்கை மென்று துப்பிப் புளிக்க வைத்து 'மசாட்டோ' என்கிற பானம் செய்வதை எடுக்கிறார். உலகப் புகழ்பெற்ற இயக்குநரின் கிறுக்குத்தனம் ஒரு பக்கம், அங்கேயே வாழ்கிறவர்களின் அன்றாட வேலை இன்னொரு பக்கம். லூயிசியானாவில் கற்ற வேலையை அமேசானிலும் காட்டுகிறார்.

செங்காந்தள்:

மசாட்டோ காட்சியை ஒப்புக்கொள்கிறேன், அது அருமை. ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. லூயிசியானாவில் வெள்ளை கேஜன்களுக்கு ஒரு படம் ('ஸ்பெண்ட் இட் ஆல்'), கறுப்பு க்ரியோல்களுக்கு வேறு இரண்டு படம் ('ட்ரை உட்', 'ஹாட் பெப்பர்', இரண்டும் 1973). ஒரே மண், ஒரே பிரெஞ்சுப் பேச்சு, ஒரே அக்கார்டியன். ஏன் தனித்தனிப் படம் என்று படங்கள் வாயே திறக்கவில்லை. பிரிவினையை அப்படியே ஏற்றுக்கொண்டு எடுத்திருக்கிறார்.

நடைவண்டி:

இது கூர்மையான இடம். இதற்குப் பதில் பிளாங்க் தாமதமாகத்தான் தருகிறார் என்று நினைக்கிறேன், 1989-ல். 'ஜே எத்தே ஓ பால்', ஸ்ட்ராக்விட்ஸோடு சேர்ந்து எடுத்த படம். லூயிசியானாவின் பிரெஞ்சு இசை முழுவதையும், வெள்ளை கறுப்பு இரண்டையும், ஒரே கயிற்றில் கோக்கிறது. அவருடைய படங்களில் அபூர்வமாக விளக்கம் சொல்கிறவர்களும் இதில் வருகிறார்கள்.

அதில் அமெடி ஆர்துவான் கதை வருகிறது. கறுப்பின அக்கார்டியன் கலைஞர். 1929-ல் டென்னிஸ் மெகீ என்கிற வெள்ளைப் பிடில்காரரோடு சேர்ந்து இசைத்தட்டு பதிந்தவர். இன்றைய கேஜன் இசை, கறுப்பு க்ரியோல்களின் ஸைடெகோ இசை இரண்டுமே அவர் வாசிப்பிலிருந்து எடுத்துக்கொண்டது அதிகம். ஒரு நடன இரவில் வேர்வையைத் துடைக்க வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கைக்குட்டை கொடுத்தாள் என்பதற்காக அவரை அடித்து நொறுக்கினார்கள் என்று அந்த ஊர் மக்கள் சொல்கிறார்கள். 1942-ல் மனநல விடுதியில் இறந்துபோனார். படத்தில் இதைச் சொல்கிறவர் கேன்ரே ஃபான்டெனோ. 'ட்ரை உட்' படத்தில் பிடில் வாசித்துக்கொண்டு, பன்றி அறுத்த விருந்தில் உட்கார்ந்திருந்தாரே, அதே ஃபான்டெனோ. அவர் பக்கத்தில் அக்கார்டியன் வாசிக்கிற ஆல்ஃபோன்ஸ் 'புவா செக்' ஆர்துவான், அமெடிக்கு உறவு.

1973-ல் போய் விருந்துச் சோறு சாப்பிட்ட வீட்டுக்காரர்தான் பதினைந்து வருஷம் கழித்து இந்தக் கதையைச் சொல்கிறார். முதல் நாளே 'உங்கள் இனத்துக்கு நடந்த கொடுமையைச் சொல்லுங்கள்' என்று மைக்கை நீட்டியிருந்தால் கிடைத்திருக்குமா? ஒரே வட்டாரத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிற இயக்குநருக்கு மட்டும் கிடைக்கிற வரம் இது. அதனால்தான் அவர் படங்களைத் தனித்தனியாக அளக்காமல் இருபது வருஷத்துத் தொடராகப் பார்க்கச் சொல்கிறேன்.

வெண்கலக்கடை:

நடைவண்டி சொன்னதில் எனக்கு ஒரு சின்ன வேறுபாடு. தாமதமாகப் பதில் தந்தார் என்பதை நான் பாராட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 'ட்ரை உட்' மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவன்தான் அதிகம். அவனுக்கு அமெடி கதை தெரியாது. அந்த அளவுக்குச் செங்காந்தள் பக்கம் நிற்கிறேன்.

குதிரைவால்:

எங்கே தொடங்கலாம்? எங்கே கிடைக்கும்?

பதினாறுமிமீ:

நல்ல படங்களை வட்டாக வெளியிடுகிற க்ரைட்டீரியன் கம்பெனி 2014-ல் 14 படங்களை ஒரே தொகுப்பாக வெளியிட்டது. ஹாப்கின்ஸ், லிப்ஸ்கம், 'ட்ரை உட்', 'ஹாட் பெப்பர்', நியூ ஆர்லியன்ஸ், பூண்டு எல்லாம் அதில் உண்டு. 'சுலாஸ் ஃப்ரொன்டெராஸ்', 'ஜே எத்தே ஓ பால்' இரண்டும் அதில் இல்லை, தனியாகத் தேட வேண்டும். 'பர்டன்' தனி வெளியீடு. முதலில் ஹாப்கின்ஸ் படம் பார், அரை மணி நேரம்தான். பிறகு 'ஆல்வேஸ் ஃபார் ப்ளெஷர்'. பசியோடு பார்க்காதே.

மேசைவிளக்கு:

'ஸ்ப்ரவுட் விங்ஸ் அண்ட் ஃப்ளை' (1983) விட்டுவிடாதே. வட கரோலினாவின் டாமி ஜாரல், வயதான பிடில்காரர். ஆலிஸ் ஜெரார்ட், சீசீ கான்வே என்று இரண்டு பேர் கூட வேலை செய்திருக்கிறார்கள், இருவரும் அந்த இசைக்குள்ளேயே இருந்தவர்கள். கிழவர் தன் வீட்டுக்கு வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே பேசுகிறார். ஆளை எப்படி அவருடைய வேகத்திலேயே விடுவது என்று கற்றுக்கொள்ள ஏற்ற படம். கடைசிக் காலத்து 'ஆல் இன் திஸ் டீ' (2007) டிஜிட்டலில், ஜீனா லைப்ரெக்டோடு சேர்ந்து எடுத்தது. சீனத் தேயிலை தேடிப் போகிறவர் கதை. எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பழைய சிக்கனம் அதில் இல்லை.

செங்காந்தள்:

'ஜே எத்தே ஓ பால்' தேடிப் பார்த்துவிட்டேன். ஃபான்டெனோ பேசுகிற இடத்தை இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் என்னவோ செய்கிறது. சரி, அந்தப் படத்தில் என் கேள்விக்கு இடம் இருக்கிறது. ஆனால் 'ஹாட் பெப்பர்' பற்றி என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கிளிஃப்டன் ஷெனியே மாதிரி ஒரு ஸைடெகோ ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் எந்த அரங்குகளில் வாசிக்க முடிந்தது, எங்கே முடியவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெண்கலக்கடை:

ஷெனியேவுக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து சண்டை போடுகிறேன்.